பித்தளைக்குப் புளி வேண்டாம், தம்பி

கராஜ் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

இரண்டு இதழ்களுக்கு முன்னால் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி சுடும் ரேஞ்சில் சுட்டு முடித்ததும் வெற்றுத் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கி வந்து, சுத்தம் செய்து, நானே மறுபடி நிரப்பிக்கொள்கிறேன் என்று. குக்கர் கேஸ்கெட்டைப் பற்றி எழுதியபோதுகூட இத்தனை கடிதம் வரவில்லை. பாதிப் பேர் "உங்களுக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, என் வீட்டுக்காரரும் இதைத்தான் கேட்கிறார். மீதிப் பேர் கேட்டதெல்லாம் ஒரே விஷயம்: பித்தளையை எப்படிச் சுத்தம் செய்வது? இந்த மாதம் அவர்களுக்கு.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். தோட்டா வெடித்ததும் குண்டு போய்விடும், வெடிமருந்து எரிந்துவிடும், பின்பக்கம் இருந்து அதற்குத் தீ மூட்டும் பிரைமர் செத்துவிடும். பித்தளைக் கூடு மட்டும் கரி படிந்து கீழே விழும். அதைத் துலக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து புது பிரைமர், மருந்து, குண்டு வைப்பதுதான் ரீலோடிங். துலக்குகிற மெஷினுக்கு டம்ளர் என்று பெயர். காபி டம்ளர் நினைவு வந்தால் நான் பொறுப்பல்ல. ஒரு பிளாஸ்டிக் சட்டி, அடியில் மோட்டார். சட்டி கிடுகிடுவென்று நடுங்கும். உள்ளே கொட்டிய பொடி கூடுகளை உரசி உரசித் தேய்க்கும். அந்தப் பொடிதான் மீடியா.

ஆஸ்டினிலிருந்து ஒரு வாசகர்: கடையில் மக்காச்சோள மீடியா ஒரு பக்கம், வால்நட் மீடியா ஒரு பக்கம். பச்சை, சிவப்பு என்று கலர் கலராக வேறு இருக்கிறது. எதை வாங்குவது அக்கா? 9 எம்எம், 223 என்று இரண்டு ரகத் தோட்டாவும் சுடுகிறேன்.

தம்பி, எல்லோரும் இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்வி அடுத்தது: அந்தப் பொடி எவ்வளவு பருமன்?

முதலில் உங்கள் கேள்வி. மக்காச்சோளக் கதிரில் மணியை உதிர்த்த பிறகு மிஞ்சும் சக்கையைக் காயவைத்து உடைத்தது ஒன்று. வால்நட் ஓட்டை உடைத்தது இன்னொன்று. சோளச் சக்கை மெத்து. மெதுவாகத் தேய்க்கும், ஆனால் பளபளப்பு நன்றாக வரும், எண்ணெய்ப் பசையையும் உறிஞ்சும். வால்நட் ஓடு கடினம், உடைந்த விளிம்புகள் கூர்மை. கறுத்துப்போன கூட்டைச் சீக்கிரம் வழிக்குக் கொண்டுவரும், ஆனால் பளபளப்பு ஒரு படி கம்மிதான். நம் வீட்டுக் கணக்கில் சொன்னால் வால்நட் தேங்காய் நார், சோளச் சக்கை பழைய வேட்டித் துணி. ரேஞ்சில் அன்றன்றைக்குப் பொறுக்கிய கூட்டுக்கு வேட்டித் துணியே போதும். மழையில் மாதக்கணக்காகக் கிடந்ததைப் பொறுக்கினால் நார் வேண்டும். என்னிடம் இரண்டும் இருக்கின்றன. வால்நட் வாளியை வருஷத்துக்கு நாலைந்து தடவை திறந்தால் அதிகம்.

கலர் கலராக இருப்பதெல்லாம் பாலிஷ் ஏற்கெனவே கலந்தது. சிவப்பு என்றால் பெரும்பாலும் ரூஜ், அதாவது நகைக்கடையில் பயன்படுத்தும் மெல்லிய இரும்பு ஆக்ஸைடு. வேலை செய்யும், ஆனால் கை, மேஜை, கூட்டின் உட்புறம் எல்லாம் செம்மண் அப்பினாற்போல் ஆகிவிடும். எனக்கு ஒத்துவரவில்லை. சாதாப் பொடி வாங்கி, பாலிஷ் நானே ஊற்றிக்கொள்கிறேன்.

இப்போது பருமனுக்கு வருவோம். கூட்டின் அடியில் ஒரு துளை இருக்கிறது. பிரைமரின் தீ அதன் வழியாகத்தான் மருந்துக்குப் போகும். அமெரிக்கக் கூடுகளில் அது சுமார் 2 மில்லிமீட்டர். மீடியா மூட்டையில் 12/20, 14/20, 20/40 என்று போட்டிருப்பது சல்லடை எண்: முதல் சல்லடையில் நுழைந்து இரண்டாவதில் நிற்கும் பொடி. எண் ஏற ஏறப் பொடி சன்னம். 12-ஆம் எண் சல்லடையில் நுழையும் பெரிய மணி ஏறத்தாழ 1.7 மில்லிமீட்டர், அரிசி நொய் மாதிரி. அது அந்தத் துளையில் போய் ஜம்மென்று உட்கார்ந்துகொள்ளும். 14/20-இல் ஒரு மணி நிற்காவிட்டாலும் இரண்டு மணி தோளோடு தோள் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். 20/40 என்றால் பெரிய மணியே 0.84 மில்லிமீட்டர்தான், உப்புமா ரவை மாதிரி. தட்டினால் கொட்டிவிடும். ஆகவே சோளச் சக்கை, 20/40, இதுதான் என் பதில்.

துப்பாக்கிச் சாமான் கடையில் இது சின்ன டப்பாவில்தான் வரும். தொழிற்சாலைச் சாமான் விற்கும் கடையில், மணல் வீசித் தேய்க்கும் மெஷினுக்கான மீடியா என்ற பெயரில் 40 பவுண்டு மூட்டையாகக் கிடைக்கும். பொருள் ஒன்றேதான், பவுண்டுக் கணக்கில் மிகவும் மலிவு. செல்லப்பிராணிக் கடையில் ஓணானுக்குப் படுக்கை என்று விற்பது பொடித்த வால்நட் ஓடுதான். ஆபத்துக்குப் பாவமில்லை, அதையும் வாங்கிக்கொள்ளலாம். விரலால் அள்ளிப் பாருங்கள்: ரவையா, நொய்யா? ரவை என்றால் வாங்குங்கள்.

சட்டியில் பாதிக்குக் கொஞ்சம் மேலே பொடி, மீதி இடத்துக்குள் கூடு. அளவுக்கு மீறித் திணித்தால் கூடுகள் சுழலாமல் ஒரே இடத்தில் நின்று நடுங்கும். போடுவதற்கு முன் ரகம் பிரிப்பது முக்கியம். 9 எம்எம் கூடு 40-க்குள் நுழையும், 40 கூடு 45-க்குள் நுழையும். பிரிக்காமல் கொட்டினால் இரண்டு மணி நேரம் கழித்து ரஷ்ய மரப் பொம்மைக்குள் பொம்மை மாதிரி வெளியே வரும். அதைப் பிரிக்கக் குறடு வேண்டும், பொறுமையும் வேண்டும்.

அதே வாசகர்: பாலிஷ் ஊற்றினேன். பொடியெல்லாம் கட்டி கட்டியாகி 223 கூட்டுக்குள் அடைத்துக்கொண்டது.

வாங்க, நம்ம சங்கத்துக்கு. என் முதல் வருஷத்தில் கூடு, பொடி, பாலிஷ் மூன்றையும் ஒரே நேரத்தில் சட்டியில் கொட்டி ஓடவிட்டேன். 223 கூடு கழுத்து குறுகினது, சொம்பு மாதிரி. உள்ளே போன ஈரப்பொடி அங்கேயே பிடித்த கொழுக்கட்டையாக நின்றுவிட்டது. இருநூறு கூடு. இரண்டு சாயங்காலம் ஸ்வெட்டர் பின்னும் ஊசியால் குத்திக் குத்தி எடுத்தேன்.

முதலில் பொடியை மட்டும் ஓடவிடுங்கள். ஓடும்போதே ஒரு மூடி பாலிஷை வட்டமாக ஊற்றுங்கள். கால் மணி நேரம் கழித்துக் கையுறை போட்டு ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பாருங்கள். புட்டு மாவு மாதிரி பிடித்த பிடியிலேயே நின்றது என்றால் இன்னும் ஓடட்டும். கையை விரித்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் கூட்டைப் போடலாம். ஹூஸ்டன் பக்கம் எங்களுக்கு ஈரக்காற்று; ஜூலை மாதத்தில் கால் மணி போதாது, அரை மணி ஆகும். பொடி வாளிக்கு இறுக்கமான மூடியும் வேண்டும்.

அட்லாண்டாவிலிருந்து ஒருவர்: பாலிஷ் எதற்கு? ஊரில் அம்மா புளி போட்டுத் தேய்த்தால் பித்தளைக் குடம் தங்கமாக மின்னுமே. பீதாம்பரிப் பொடி வீட்டில் இருக்கிறது. அதையே போட்டால் என்ன?

கும்பகோணத்தில் பாத்திரக் கடை வைத்திருந்தவரின் மகளிடம் கேட்கிறீர்கள். புளியின் மகிமை எனக்குத் தெரியாதா? புளியில் இருக்கும் அமிலம் மேலே படிந்த கறையைக் கரைக்கும், கல்லுப்பு அதைத் துரிதப்படுத்தும். குடத்துக்கு அது சரி. குடத்தின் தகடு தடிமன். தினம் ஒரு துளி கரைந்தாலும் பேரன் காலம் வரை வரும். உடனே தண்ணீர் விட்டு அலசியும் விடுகிறோம்.

தோட்டாக் கூடு வேறு ஜாதி. 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். கழுத்துப் பக்கம் காகிதம் மாதிரி மெல்லிசு. நிரப்புகிற ஒவ்வொரு முறையும் விரிந்து, சுருங்கி, அமுக்கப்பட்டு, அதற்குள்ளேயே ஒரு இறுக்கம் சேர்ந்துகொண்டிருக்கும். அமிலத்தில் நேரம் தெரியாமல் ஊறவிட்டால் கூடு இளஞ்சிவப்பாகிவிடும். மேல்தோலில் துத்தநாகம் குறைந்து செம்பு முன்னுக்கு வருகிறது என்று அர்த்தம். உப்பு ஒரு மூலையில் தங்கிவிட்டால் அதற்கப்புறம் அரிப்பு. இதெல்லாம் போக, உலர் மீடியாவில் ஈரமான எதையும் கொண்டுபோய்ச் சேர்ப்பதே தப்பு. தேய்க்கும் பொடிகளும் வேண்டாம். அவற்றின் நறநறப்பு கூட்டோடு ஒட்டிக்கொண்டு போய், கூட்டை அளவுக்குக் கொண்டுவரும் டை என்ற அச்சில் கோடு கிழிக்கும். நாம் சுத்தம் செய்வதே டையில் மண் போகாமல் இருக்கத்தான்.

புளியைவிடப் பெரிய எமன் ஒன்று இருக்கிறது: அம்மோனியா. சில பித்தளை பாலிஷ்களில் மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி வருமே, அதுதான். இந்தக் கதை நம் நாட்டில் நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படை, மழைக்காலத்தில் வேலை குறைவு என்று தோட்டாக்களைக் குதிரை லாயத்தில் அடுக்கி வைத்தது. மழை விட்டு எடுத்துப் பார்த்தால் பித்தளைக் கூடுகளில் விரிசல், அதுவும் குண்டை இறுக்கிப் பிடிக்கும் வாய்ப்பக்கம். மழை சீசனில் வந்ததால் சீசன் கிராக்கிங் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். காரணம் தெளிவாக விளக்கப்பட்டது 1921-இல்தான். குதிரை மூத்திரத்திலிருந்து எழும்பிய அம்மோனியா, ஏற்கெனவே உள்ளிறுக்கத்தோடு இருந்த பித்தளையைப் பிளந்திருக்கிறது. மழை மேல் பழியைப் போட்டுக் குதிரை தப்பித்துக்கொண்டது.

ஆகவே பாலிஷ் பாட்டிலில் அம்மோனியா இல்லை என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். இங்கே பலர் நூ ஃபினிஷ் என்ற கார் பாலிஷை ஊற்றுகிறார்கள், நானும் அதைத்தான். கூட்டின் மேல் மெல்லிய பாதுகாப்புப் படலம் நிற்பதால் சீக்கிரம் கறுக்காது. பீதாம்பரி குத்துவிளக்குக்கு இருக்கட்டும்.

ஃபீனிக்ஸ் வாசகி: அரிசி போடலாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். சிலர் அரிசியில்தான் துலக்குகிறார்கள். தூசு குறைவு, அரிசி எங்கும் கிடைக்கும். நானும் போட்டுப் பார்த்தேன், பொன்னி அல்ல, கடையில் மலிவாகக் கிடைத்த நீள அரிசி. மூன்று மணி நேரம் ஆகியும் பளபளப்பு சுமார்தான், 223 கூட்டின் துளையில் மணிகள் வேறு சிக்கிக்கொண்டன. அதைவிட, முடித்த பிறகு கரி பிடித்த அரிசியைக் குப்பையில் கொட்டக் கை வரவில்லை. அன்னபூரணி கோபித்துக்கொள்வாள் என்று என் மாமியார் இரண்டு நாள் பேசவில்லை. சோளச் சக்கைக்கு அந்த வம்பு இல்லை.

நியூஜெர்ஸி வாசகர்: அபார்ட்மெண்ட். பால்கனி சின்னது. சமையலறைச் சிங்க் பக்கத்தில் ராத்திரி ஓடவிடலாமா? வீட்டில் மூன்று வயசுக் குழந்தை இருக்கிறாள்.

கூடாது. மற்றதைப் படிக்காவிட்டாலும் இந்த ஒரு பதிலையாவது படியுங்கள்.

ஈயம் என்றதும் நமக்கு ரசம் வைக்கும் ஈயச் சொம்பு நினைவுக்கு வரும். அது வெள்ளீயம், கலப்படம் இல்லாதவரை பயமில்லை. நான் சொல்வது காரீயம். வழக்கமான பிரைமர்களில் லெட் ஸ்டிஃப்னேட் என்ற காரீயச் சேர்மம் இருக்கிறது. வெடித்ததும் அதன் மிச்சம் கூட்டுக்குள் கரியோடு படியும். டம்ளர் செய்வதென்ன? அந்தக் கரியைத் தேய்த்துப் பொடிக்கு மாற்றுகிறது. நாலு தடவை ஓடிய மீடியா சாம்பல் நிறமாகிறதே, அதில் காரீயமும் அடக்கம். மூடியைத் திறந்து சல்லடையில் சலிக்கும்போது எழும்பும் புழுதி அதுதான். குழந்தைகளின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் காரீயம் இருந்தாலே கவனிக்கவேண்டும் என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2021-இல் வரம்பைக் குறைத்திருக்கிறது. மைக்ரோகிராம், தம்பி. கண்ணுக்கே தெரியாது. அது தரையில் படியும். தவழ்ந்த கை வாய்க்குப் போகும்.

கராஜோ வெளிப்புறமோ இல்லையென்றால் உலர் டம்ளர் உங்களுக்கு வேண்டாம். தண்ணீரில் ஸ்டீல் ஊசிகளோடு உருட்டும் மெஷின் இருக்கிறது, அதில் புழுதி எழும்பாது. ஆனால் அந்தக் கறுப்புத் தண்ணீரும் சமையலறைச் சிங்க்குக்குப் போகக்கூடாது. குழந்தை வளரும் வரை கூடுகளை ஒரு வாளியில் சேர்த்து வையுங்கள், பித்தளை கெட்டுப்போகாது.

மற்றவர்களுக்கு என் வழக்கத்தைச் சொல்கிறேன். டம்ளர் ஓடும்போது மூடி போட்டிருக்கும். துணி உலர்த்தும்போது போட்ட பழைய டிரையர் ஷீட்டை நாலு துண்டாக வெட்டிப் பொடியோடு போடுவேன். வெளியே எடுக்கும்போது கரித்துணியாக வரும், அவ்வளவு தூசு அதில் ஒட்டியிருக்கும். சலிப்பது எப்போதும் வீட்டுக்கு வெளியே, காற்று என் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்றுகொண்டு, முகமூடியோடு. கையுறை கழற்றியதும் சோப்புப் போட்டுக் கழுவாமல் காபியைத் தொடமாட்டேன். பழைய பொடி செடிக்கு உரமாகாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆகாது. பையில் கட்டி இறுக்கி அப்புறப்படுத்துங்கள்.

சல்லடைக்குத் தனிக் கதை. வீட்டுக்காரர் ஒரு நாள் உதவி செய்கிறேன் என்று என் மாவுச் சல்லடையை எடுத்துக்கொண்டுபோய்ச் சலித்துவிட்டார். அது திரும்பச் சமையலறைக்கு வரவில்லை. இன்றைக்கும் கராஜில் ஆணியில் தொங்குகிறது, சிவப்பு பெயின்டில் "சாப்பாட்டுக்கு அல்ல" என்று எழுதி.

டல்லாஸ் வாசகர்: எத்தனை மணி நேரம் ஓடவேண்டும்?

புதுப் பொடியில் இரண்டு, பழையதில் நாலு. ஐந்தாகியும் கறை போகவில்லை என்றால் பொடியை மாற்றுங்கள்.

அவரே: பழைய பிரைமரைத் தட்டி எடுத்துவிட்டுத் துலக்குவதா, அப்படியே வைத்துத் துலக்குவதா?

இதில் சண்டை போடுவார்கள். எடுத்துவிட்டால் பிரைமர் உட்காரும் குழியும் கொஞ்சம் சுத்தமாகும், ஆனால் துளையில் மணி நிற்க வாய்ப்பு. உலர் மீடியா அந்தக் குழியைப் பெரிதாகத் துலக்குவதும் இல்லை. நான் பிரைமரோடு துலக்கிவிடுகிறேன். அப்புறம் டையில் போட்டு அமுக்கும்போது பிரைமரைத் தள்ளும் ஊசி, துளையில் ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்துத் தள்ளிவிடும். டையில் போட எண்ணெய் தடவியிருந்தால், அதைப் போக்க இரண்டாம் தடவை சோளச் சக்கையில் அரை மணி. இந்த இரண்டாம் தடவைக்கப்புறம் ஒவ்வொரு கூட்டையும் விளக்கு வெளிச்சத்தில் உள்ளே பார்த்தே ஆகவேண்டும். ஒரு கூட்டின் அடியில் ரவை தங்கி, துளை அடைபட்டு, அதன் மேல் மருந்து விழுந்தால் அந்தத் தோட்டா எப்படி நடந்துகொள்ளும் என்று யாராலும் சொல்லமுடியாது.

விளக்கோடு காதையும் வையுங்கள். துலக்கிய கூடுகளில் ஐந்தாறை உள்ளங்கையில் குலுக்குங்கள். நல்ல பித்தளை கணீரென்று கிணுகிணுக்கும். வாயில் விரிசல் விட்டது ஒன்று இருந்தால் நடுவில் ஒரு செத்த சத்தம் கேட்கும். சந்தையில் பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குவோமே, அதே வித்தைதான். அப்பா கடையில் குடத்தை விரல் கணுவால் தட்டி, ஓட்டை எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். எனக்கு அத்தனை இல்லை. கையில் இருப்பதில் ஒன்று கெட்டது என்பது வரைக்கும் தெரியும், அப்புறம் ஒவ்வொன்றாகப் பார்ப்பேன்.

மதுரை வாசகர்: இங்கே வீட்டில் செய்யலாமா?

1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்க லைசென்ஸ் வேண்டும். உங்கள் ரைஃபிள் கிளப்பில் கேட்காமல் எதிலும் கை வைக்காதீர்கள்.

எடிசன் ஊர் வாசகர்: என் மனைவி ஒரே பிடியாக நிற்கிறாள். மெஷின் வாங்கினால் பூஜைச் சாமான்களையும் அதிலேயே போடவேண்டுமாம். கார்த்திகைக்கு நாற்பது அகல் விளக்கு பித்தளையில் இருக்கிறது.

அம்மாவுக்கு என் நமஸ்காரம். தோட்டாக் கூடு ஒரு தடவை உருண்ட சட்டியில் விளக்கைப் போடக்கூடாது. காரீயம் சட்டியிலும் பொடியிலும் ஒட்டியிருக்கும். வேண்டுமானால் அவருக்கென்று இன்னொரு மெஷின், புதுப் பொடி, மூடியில் அவர் பெயர். 20/40 சோளச் சக்கைதான், மூன்று மணி நேரம். எண்ணெய்ப் பிசுக்கை முதலில் வெந்நீரில் கழுவி நன்றாகக் காயவைத்துப் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கொழுக்கட்டைதான். மூக்கு நீண்ட விளக்குகளை ஒரே தடவையில் அடைக்கவேண்டாம், ஒன்றோடொன்று மோதி நசுங்கும். எட்டு எட்டாகப் போடலாம். இரண்டாவது மெஷினுக்குக் காசு நீங்கள்தான் கொடுக்கவேண்டியிருக்கும்.